13 வயது மகளின் நீச்சல் நேரம் ஓராண்டாகக் குறையவில்லை; பயிற்சியைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம் என்பதே என் பதில். நான் பயிற்சியாளரோ மருத்துவரோ அல்லன்; இதே கேள்விக்கு ஒருமுறை தவறான விடையைத் தேர்ந்தெடுத்த தகப்பன், அவ்வளவுதான்.

என் மகள் 11 வயதில் தன் பிரிவில் எல்லோரையும் எளிதாக முந்தினாள். நான் அதைத் திறமை என்று நினைத்தேன். உண்மையில், அவள் மற்ற பிள்ளைகளைவிட முன்னதாக வளர்ந்திருந்தாள். பெண் பிள்ளைகள் ஏறத்தாழ 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் 14 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள் என்றாலும், ஒரே வயதுப் பிள்ளைகள் இருவருக்கிடையே உடல் முதிர்ச்சியில் ஓரிரு ஆண்டு வேறுபாடு இருப்பது இயல்பு. போட்டிகளோ பிறந்த தேதியை மட்டுமே பார்க்கின்றன. பக்கத்துத் தடத்தில் நீந்திய குட்டைப் பையனின் கைவீச்சு அவளுடையதைவிட அழகாக இருக்கும். எப்போதும் கடைசியாக வந்துகொண்டிருந்தவன், வளர்வதற்கு முன்பே நீச்சலை விட்டுவிட்டான். அதில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

13 வயதில் மகளின் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நேரம் 1 நிமிடம் 9 விநாடியில் நின்றுவிட்டது. நான் பயிற்சியாளரை நச்சரித்து, வாரத்துக்கு ஆறாக இருந்த பயிற்சிகளை ஒன்பதாக்கினேன். மூன்றே மாதத்தில் அவளால் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. தோள் மூட்டின் தசைநாண்கள் ஓய்வின்றி உழைத்து நொந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். ஆறு வாரங்களுக்குக் கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு கால் உதைப்பு மட்டும், மிதவைப் பலகையைக்கூடப் பிடிக்கக் கூடாது.

அவள் மீண்டும் நீந்தத் தொடங்கியபோது, ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டுவிட்டுக் கைவீச்சுகளை எண்ணினேன். 25 மீட்டருக்கு 21. பழைய காணொளி ஒன்றில், 7 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தபோதும் அதே 21! கை நீண்டிருந்தது, ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் அவள் கடக்கும் தொலைவு நீளவில்லை. இந்த வயதில் பெண் பிள்ளைகளின் இடுப்பும் எடைப் பகிர்வும் மாறுவதால், நீரில் உடலைக் கிடத்தும் விதத்தையே அவர்கள் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. வேகம் இரட்டிப்பானால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால், உடல் கிடப்பு சரியில்லாமல் வலிமையை மட்டும் கூட்டினால் அது வீணாகிறது. பயிற்சியாளர் தொலைவைக் குறைத்து, முழங்கையை உயர்த்தி நீரைப் பிடிப்பதிலும் சுவரை உதைத்தபின் உடலை அம்பாக வைப்பதிலும் நேரத்தைச் செலவிட்டார். எண்ணிக்கை 18 ஆனது. அடுத்த ஆண்டு நேரம் 1:05க்கு இறங்கியது. அதில் பயிற்சிக்கு எவ்வளவு பங்கு, வளர்ச்சிக்கு எவ்வளவு பங்கு என்று நான் வாதாட வரவில்லை.

அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடக்கி 15 வயதிலேயே 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வென்றாரே என்று யாராவது கேட்பீர்கள். வென்றார்; அவர் உடல் தாங்கியதை உங்கள் மகளின் உடலும் இந்த ஆண்டே தாங்கும் என்பதற்கு அது சான்றாகாது.

மூன்று மாதத்துக்கொரு முறை உயரத்தையும் கைவீச்சு எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள். தோள் வலிக்கிறது என்று அவள் சொன்னால் அன்றே நிறுத்துங்கள். என் மகள் சொன்னபோது மூன்று வாரம் அதைச் சாக்கு என்றே நான் நினைத்திருந்தேன்.