காரின் உட்புறம் கையில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

உங்கள் பழைய காரின் கதவுக் கைப்பிடியும் சுவிட்சுகளைச் சுற்றிய கறுப்புப் பகுதியும் கையில் பிசுபிசுவென்று ஒட்டுவதாகவும், தேங்காய் எண்ணெய் தடவினால் பழைய நிலைக்கு வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தடவாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டி என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் தந்தை 2009-இல் வாங்கிய கார், தூத்துக்குடியில் கூரையில்லாத வாசலில்தான் நின்றது. சில ஆண்டுகளில் அதிலும் இதே பிசுபிசுப்பு வந்தது. அழுக்கு என்று நினைத்துச் சோப்பு நீரால் துடைத்தேன், போகவில்லை. பிறகு எண்ணெய் தடவினேன். இரண்டு நாள் பளபளத்தது. அதன்பின் தெருப்புழுதியெல்லாம் அதில் படிந்து, நகத்தால் சுரண்டினால் கறுப்பு உருண்டையாகத் திரண்டு வந்தது.

அது அழுக்கே அன்று என்பது பின்னர்தான் தெரிந்தது. தொடுவதற்கு மென்மையாக இருக்கட்டும் என்று கெட்டிப் பிளாஸ்டிக்கின் மேல் பாலியூரித்தேன் பூச்சு ஒன்றை மெல்லியதாகப் பூசியிருப்பார்கள். வெப்பமும் காற்றின் ஈரமும் ஆண்டுக்கணக்கில் அதன் வேதிப்பிணைப்புகளை உடைப்பதால் பூச்சு இளகி ஒட்டத் தொடங்குகிறது. கெட்டுப்போன பூச்சை மீட்க வழியில்லை, எடுத்துவிடத்தான் வேண்டும்.

70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, கண்ணில் படாத ஓரத்தில் முதலில் சோதித்துவிட்டு, எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்து, அருகில் நெருப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, சிறிது சிறிதாகத் தேய்த்தேன். ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆனது. ஐந்து துணிகள் கறுத்துப்போயின. அடியில் பளபளப்பில்லாத, சுத்தமான பிளாஸ்டிக் கிடைத்தது. ஆனால் சுவிட்சுகளின் மேலிருந்த வெள்ளைக் குறிகளும் பூச்சோடு அழிந்துவிட்டன. நீங்கள் அவற்றின் மேல் டேப் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

"பல வருடங்களாக எண்ணெய்தான் போடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதக்கூடும். அவர்கள் வண்டியில் இந்தப் பூச்சே இல்லாதிருக்கலாம். நான் யாரையும் குறைசொல்லவில்லை. ஆனாலும் எண்ணெய் புழுதியைப் பிடிக்கும், நாளானால் சிக்கு நாற்றமும் அடிக்கும்.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. ஒரு சர்வீஸ் நிலையத்தில் கேட்காமலேயே உட்புறம் முழுவதும் சிலிக்கோன் பாலிஷ் அடித்து, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கினார்கள். ஸ்டீயரிங்கிலும் பிரேக் மிதியிலும்கூட அடித்திருந்தார்கள். வாசலைத் தாண்டுவதற்குள் என் தந்தையின் கால் மிதியில் வழுக்கியது. மெதுவாகப் போனதால் தப்பினோம். ஸ்டீயரிங், மிதி, கியர் கம்பி ஆகியவற்றில் எந்தப் பாலிஷும் படக்கூடாது என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்.

டேஷ்போர்டுக்கு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும், நீர் அடிப்படையிலான பாதுகாப்புத் திரவத்தைத் துணியில் ஊற்றித் தடவினால் போதும். நேராகத் தெளித்தால் சுவிட்சுக்குள் இறங்கும். தோல் இருக்கையாக இருந்தாலும் எண்ணெய் வேண்டாம். பெரும்பாலான கார்த் தோலின் மேல் நிறப்பூச்சு இருப்பதால் எண்ணெய் எளிதில் உள்ளே இறங்காது. நிறுத்தும்போதெல்லாம் முன்கண்ணாடிக்கு வெயில் மறைப்பு வையுங்கள். நாங்கள் அதைத் தாமதமாகத்தான் வாங்கினோம். அழிந்த குறிகளுக்குப் பதிலாக என் தந்தை ஒவ்வொரு சுவிட்சிலும் வெள்ளைப் பெயின்டால் வைத்த புள்ளிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.