அமெரிக்காவின் கரண்ட் லைன் வேலைப் பாதுகாப்பு விதிகளால் கொழும்பில் கொன்ட்ராக்ட் வேலைக்குப் போகும் என் தம்பிக்கு என்ன பிரயோசனம்?

தம்பியின் வயதையோ இடத்தையோ நீங்கள் எழுதவில்லை. ஓ.எல். பரீட்சை முடித்து, தெரிந்தவர் மூலம் ஒரு கொன்ட்ராக்டரிடம் சேர்ந்திருப்பான், ஒரு ஹெல்மட்டும் பெல்ட்டும் கொடுத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படிச் சேர்ந்து பல வருசம் கரண்ட் போஸ்ட் ஏறியவன்தான்.

அந்த விதி அமெரிக்காவுக்கு. இங்கே அதைக் காட்டி யாரையும் கேட்க முடியாது. அமெரிக்கப் பெருமை பேசுகிறான் என்று கீழே எழுத வருகிறவர்களுக்கும் சொல்கிறேன், அமெரிக்கர்களே 1972இல் போட்ட கட்டுமான விதியை 2014 ஏப்ரலில்தான் திருத்தினார்கள். திருத்தினால் வருசத்துக்கு 20 உயிரும் 118 பெரிய காயமும் தவிரும் என்று அவர்களுடைய தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா கணக்குப் போட்டது. அதில் என் மனதில் நின்றது ஒன்று: லைன் யாருடையதோ அந்தக் கம்பனி, தனக்குத் தெரிந்த ஆபத்துகளைக் கொன்ட்ராக்டருக்குச் சொல்லியே ஆகவேண்டும். கொன்ட்ராக்டர் அதைத் தன் ஆட்களுக்குச் சொல்லவேண்டும். ஆட்கள் போன இடத்தில் புதிதாக ஏதும் ஆபத்தைக் கண்டால் அந்தத் தகவல் திரும்பக் கம்பனிக்குப் போகவேண்டும்.

இது ஏன் பெரிய விசயம் என்று கேட்டால் ஒரு மே மாத மழையைச் சொல்லவேண்டும். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் மரம் விழுந்து 11,000 வோல்ட் லைன் அறுந்துவிட்டது. கரண்டை நிறுத்த லைன் சுவிட்சைத் திறந்துவிட்டு வந்த போமன் (வேலையை நடத்துகிறவர்), "ஓஃப் மல்லி, நகின்ன" என்றார். ஓஃப் தம்பி, ஏறு என்று. நான் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கூட்டத்தில் ஹட்டன் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். "டெஸ்ட் பண்ணாமல் யாரும் ஏறக்கூடாது" என்று என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, நீளத் தடியின் நுனியில் டெஸ்டரை மாட்டிக் கம்பிக்குக் கிட்டே கொண்டுபோனார். சிவப்பு லைட் எரிந்து கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. அடுத்த கம்பியிலும் அப்படியே.

மரம் விழுந்ததில் தனியாகிப்போன அந்தத் துண்டு லைனில் இருந்தது ஒரே ஒரு ட்ரான்ஸ்போமர், ஒரு கல்யாண மண்டபத்துக்கு உரியது. உள்ளே பெரிய ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்றாகச் சேரவிடாமல் பிரிக்கிற சேன்ஜ் ஓவர் சுவிட்ச் பழுது என்று யாரோ வயரை நேரே இணைத்து விட்டிருக்கிறார்கள். ட்ரான்ஸ்போமர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். கீழ்ப்பக்கம் 400 வோல்ட் கொடுத்தால் மேலே 11,000 வந்து நிற்கும். போமன் பொய் சொல்லவில்லை, அவர் திறந்த சுவிட்ச் திறந்துதான் இருந்தது. ஜெனரேட்டர் விசயம்தான் எங்கள் காதுக்கு வரவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தி, மறுபடி டெஸ்ட் பண்ணி, மூன்று கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து நிலத்தோடு இணைத்து எர்த் போட்ட பிறகுதான் நான் ஏறினேன்.

நான் மின்சார சபைக்காரரைக் குறை சொல்லவில்லை. மழையிலும் காற்றிலும் அவர்கள் படுகிற பாட்டை நேரில் பார்த்தவன். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாதபோது ரோட்டில் நின்ற லைன்காரனுக்கு ஏச்சு விழுந்ததையும் பார்த்தேன். டீசல் இல்லாததற்கு அவன் என்ன செய்வான்? ஆனால் அந்த அண்ணன் செய்த காரியம், யார் போமனாக இருந்தாலும், எந்தக் கூட்டமாக இருந்தாலும் நடக்கவேண்டிய காரியம். ஒருவருடைய நல்ல குணத்தை நம்பி ஒரு பிள்ளையைப் போஸ்டில் ஏற்றக்கூடாது. அதற்குத்தான் எழுத்தில் விதி வேண்டும் என்கிறேன்.

அந்த அமெரிக்கத் திருத்தத்தில் இன்னும் இரண்டு விசயம். 1.2 மீட்டருக்கு மேலே ஏறினால், அனுபவசாலி என்றாலும், ஏறும்போதும் இறங்கும்போதும் விழாமல் பிடிக்கிற ஏற்பாடு இருக்கவேண்டும். அது முடியாத இடம், அல்லது அதனாலேயே ஆபத்து கூடுகிற இடம் மட்டும் விலக்கு. மற்றது உடுப்பு. நெருப்புப் பொறி தெறிக்கக்கூடிய இடத்தில் உருகுகிற துணி கூடாது. கொன்ட்ராக்டர் பேர் அடித்துக் கொடுக்கிற டீ சேர்ட் பெரும்பாலும் பொலியெஸ்டர். அது உருகித் தோலோடு ஒட்டும். தம்பியைத் தடித்த பருத்திச் சேர்ட் போடச் சொல்லுங்கள். பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. நான் இருந்த ஒரு கொன்ட்ராக்டர் எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் ஈபிஎஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதிக்கு) 8 வீதம் வெட்டினார். தன் பங்கு 12 வீதத்தோடு சேர்த்துக் கட்டவேண்டிய காசு, ஒன்றும் கட்டவில்லை. நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில் போய் நின்றபோதுதான் அது தெரிந்தது. தம்பிக்கு அங்கத்தவர் இலக்கம் கிடைத்ததா என்று முதல் சம்பளத்திலேயே கேட்டுப் பாருங்கள்.