கவனத்தைச் சிதறடிக்கும் அன்றாடப் பழக்கங்கள் எவை? எப்படி விடுவது?

எல்லோருக்கும் பொருந்துமா தெரியாது, என்னைப் படுத்திய பழக்கங்களை மட்டும் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் சரக்குக் கப்பல் ஆவணங்கள் தயாரிக்கும் வேலை எனக்கு. நாள் முழுக்க கன்டெய்னர் எண், சீல் எண் (கன்டெய்னர் கதவில் போடும் முத்திரைப் பூட்டின் எண்), எடை என்று தட்டிக்கொண்டிருப்பேன். கன்டெய்னர் எண்ணில் 4 எழுத்து, 7 இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கென்றே இருப்பது. ஓர் இலக்கம் மாறினாலும் பெரும்பாலும் சிஸ்டம் கத்திவிடும். சீல் எண்ணுக்கு அந்தக் காவல் கிடையாது. ஒருநாள் முந்தைய கன்டெய்னரின் சீல் எண்ணையே அடுத்ததற்கும் போட்டு அனுப்பிவிட்டேன். திருத்தக் கட்டணம், மேலாளரிடம் திட்டு, இரண்டும் கிடைத்தன.

அன்று தவறு நடந்தபோது மணி ஒன்பதரை. ஊரில் ஏழு, குடும்ப வாட்ஸ்அப் குழு கண்விழிக்கும் நேரம். இரண்டரை மணி நேர வித்தியாசத்தின் புண்ணியத்தில், அவர்கள் காலை வணக்கம் போடுவதும் நான் வேலையில் சூடு பிடிப்பதும் ஒரே நேரத்தில். நான் பார்த்தது பத்து விநாடிதான். ஆனால் சித்தப்பா, 'நிலத்து விஷயமா பேசணும்' என்று போட்டிருந்தார். எந்த நிலம், என்ன பேச்சு? போனைக் கவிழ்த்து வைத்த பிறகும் கை தட்டிக்கொண்டிருந்தது, மனசு தஞ்சாவூரில்.

சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதிய கட்டுரையில் இதை 'அட்டென்ஷன் ரெசிடியூ' என்கிறார். கவன எச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், புத்தியில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுகிறது. நாமோ போன் பார்த்த பத்து விநாடியை மட்டும் கணக்கு வைக்கிறோம்.

2018இல் சக ஆய்வாளருடன் சேர்ந்து அவரே ஒரு வழியும் சொன்னார்: இடையில் எழவேண்டி வந்தால், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் என்ன செய்யவேண்டும் என்று குறித்துவிட்டுப் போவது. எனக்குக் கைகொடுத்தது இதுதான். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு. '14 வரை முடிந்தது. 15, சீல் பார்க்கணும்.' யாராவது தோளைத் தட்டினால் முதலில் சீட்டு, அப்புறம்தான் 'என்ன?' கோப்பிக்கடைக்குப் போய் வந்தாலும் நேராகப் பதினைந்தாவது வரியில் உட்கார முடிகிறது.

போன் இப்போது மேசை இழுப்பறைக்குள். (கவிழ்த்து வைப்பதெல்லாம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.) குடும்பக் குழுவுக்கு மியூட். எட்டு மணி நேரமும் இல்லை, ஒரு வாரமும் இல்லை, 'எப்போதும்'. அவசரம் என்றால் அழைப்பார்கள்.

தூக்கம் பற்றி நீட்டவில்லை. ஊரில் இரவு பத்துக்குப் பேச உட்கார்ந்தால் இங்கே 12.30. பேச்சை ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றினேன், அவ்வளவுதான்.

தோற்றது எம்ஆர்டியில், அதாவது இங்குள்ள மெட்ரோ ரயிலில். செங்காங்கிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரை சுமார் அரை மணி நேரம் ரீல்ஸ். முழுக்க விட முடியவில்லை. லிட்டில் இந்தியா வந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிடுகிறேன், மீதி ஐந்து நிலையமும் சும்மா நிற்பேன்.

மியூட் போட்ட முதல் வாரம், 'உடம்பு சரியில்லையாப்பா?' என்று அம்மா கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். இப்போது பிள்ளையார் படம் ஊர் நேரம் ஒன்பதரைக்கு வருகிறது. இங்கே பன்னிரண்டு, நான் சாப்பாட்டுக்கு எழும் நேரம்.