பேனா பிடிக்கும் ரோபோ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: என் ரோபோ சரியாக வரைய மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ப: எது சரியில்லை? கோடு வளைகிறதா, பேனா இறங்கவில்லையா, எழுத்து சாய்கிறதா? சக்கரத்தில் ஓடுவதா, கை நீட்டி வரைவதா? எதுவுமே எழுதாமல் மருந்து கேட்டால் எப்படி? வரைந்த தாளைப் படமெடுத்து, எந்த மோட்டார், என்ன அளவு என்று குறித்து மறுபடி அனுப்புங்கள்.

கே: இரண்டு சக்கர ரோபோ. சதுரம் வரையச் சொன்னால் கடைசிக் கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை. திரும்பும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன். வேறு புரோகிராம் இருந்தால் கொடுங்கள்.

ப: எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். வேறு புரோகிராம் எதற்கு? சக்கரத்தின் விட்டம் என்ன, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. அடுத்தவர் ரோபோவுக்கு எழுதிய எண்களை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டினால் சதுரம் எப்படி மூடும்?

இடைவெளி 100 மி.மீ. என்றால், நின்ற இடத்திலேயே 90 டிகிரி திரும்ப ஒவ்வொரு சக்கரமும் எதிரெதிர்த் திசையில் சுமார் 78.5 மி.மீ. ஓட வேண்டும். உண்மையான இடைவெளி 101 ஆக இருந்தால் மூலைக்கு ஏறக்குறைய 1 டிகிரி குறைகிறது. நாலு மூலைக்கு நாலு டிகிரி. ஒரே ஒரு மில்லிமீட்டர் செய்கிற வேலை இது.

ஸ்கேலை வைத்து அளந்தால் மட்டும் போதாது. ரப்பர் வளையம் போட்ட சக்கரம் எடை ஏறியதும் கொஞ்சம் அமுங்கும். அதனால் ஓட்டித்தான் அளக்க வேண்டும். நேராக 1 மீட்டர் ஓடச் சொல்லுங்கள், 985 மி.மீ.யில் நின்றுவிட்டால் புரோகிராமில் விட்டத்தை 1.5 சதவீதம் குறையுங்கள். அப்புறம் நின்ற இடத்தில் 10 முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். 36 டிகிரி முன்னதாகவே நின்றால் இடைவெளி நீங்கள் நினைத்ததைவிட 1 சதவீதம் அதிகம் என்று அர்த்தம். இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும். விட்டம் தப்பாக இருக்கும்போது இடைவெளியைத் திருத்தினால் இரண்டும் குழம்பிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு, சதுரத்தை வலப்பக்கமாக ஒருமுறை, இடப்பக்கமாக ஒருமுறை, இரண்டு விதமாகவும் வரையுங்கள். இதை யாருமே செய்வதில்லை. இரண்டு சக்கரமும் நூலளவு வித்தியாசமாக இருந்து, இடைவெளியும் தப்பாக இருந்தால், ஒரு திசையில் ஒரு தப்பு மற்றொன்றை மறைத்துவிடும். சதுரம் அழகாக மூடிக்கொள்ளும். எதிர்த்திசையில் ஓட்டினால் குட்டு வெளிப்படும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போரன்ஸ்டைனும் ஃபெங்கும் 1990களில் வகுத்த சோதனை முறை இதை வைத்துத்தான்.

நேரத்தை வைத்துத் திருப்புவதை இன்றோடு விட்டுவிடுங்கள். பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும். தொடக்கத்தில் 90 டிகிரி திரும்பியது கொஞ்ச நேரத்தில் 80 தான் திரும்பும். சக்கரம் எவ்வளவு சுழன்றது என்று எண்ணிச் சொல்லும் என்கோடர் வையுங்கள், இல்லையென்றால் படிப்படியாக எண்ணிச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாருக்கு மாறுங்கள்.

கே: மூலைகளில் மட்டும் சின்னச் சுழி விழுகிறது. ஏன்?

ப: பேனா இரண்டு சக்கரத்துக்கும் நட்டநடுவில், அச்சின் மேலேயே இருக்க வேண்டும். தள்ளி இருந்தால் ரோபோ திரும்பும்போது பேனா வட்டம் போடும். இதையும் அளந்து பாருங்கள்.

கே: எழுதச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தும் இரட்டைக் கோடாக வருகிறது. தமிழ் எழுதவே முடியாதா?

ப: முடியும். கணினியில் உள்ள எழுத்துருக்கள் எழுத்தின் வெளிவிளிம்பைத்தான் சொல்கின்றன. ரோபோ அந்த விளிம்பைச் சுற்றி வருகிறது. உங்களுக்குத் தேவை ஒற்றைக்கோட்டு எழுத்துரு. ஆங்கிலத்துக்கு 1967இல் வெளிவந்த ஹெர்ஷி எழுத்துருக்கள் இன்றும் போதும், இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளிலேயே இருக்கின்றன. அதில் தமிழ் இல்லை. எழுத்தைப் பெரிதாக வைத்து நடுக்கோட்டை நீங்களே வரைந்து சேமியுங்கள். இங்க்ஸ்கேப்பின் நடுக்கோடு எடுக்கும் வசதியும் உதவும், ஆனால் கோடுகள் சேரும் இடத்தில் பிசிறு விடும்.

247 எழுத்தையும் வரைய வேண்டியதில்லை. கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். கு, சு, து, கூ, சூ, தூ என்று உகர ஊகார வரிசைகளையும், டி, டீ போன்றவற்றையும் ஒவ்வொன்றாக வரைந்தாக வேண்டும். இன்னொன்று, ‘கொ’ யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையில், ‘க’ முதலில், குறி பின்னால் என்றுதான் இருக்கும். வந்த வரிசையிலேயே வரைந்தால் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும். கொம்பு, ‘க’, கால் என்று மாற்றி அடுக்குவது உங்கள் புரோகிராமின் வேலை.

கே: பேனாவைத் தூக்கும்போதெல்லாம் ரோபோவை இயக்கும் போர்டு ரீசெட் ஆகிறது.

ப: பேனாவைத் தூக்கும் செர்வோ மோட்டாருக்குப் போர்டிலிருந்து மின்சாரம் கொடுத்திருக்கிறீர்கள். எத்தனை முறை சொல்வது! அந்தச் சின்ன செர்வோகூடக் கிளம்பும் நொடியில் சில நூறு மில்லிஆம்பியர் இழுக்கும். தனியாக 5 வோல்ட் கொடுங்கள். கிரவுண்டு வயரை மட்டும் போர்டோடு சேர்க்க மறக்காதீர்கள்.

கே: கை வைத்த ரோபோ. நேர்க்கோடு வில்லாக வளைகிறது.

ப: கோட்டின் இரண்டு முனைக்கு மட்டும் மூட்டுகளின் கோணம் கணக்கிட்டிருக்கிறீர்கள். கோட்டை 1 மி.மீ. துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகக் கணக்கிடுங்கள். கையின் இரண்டு எலும்பும் எவ்வளவு நீளம்? மூட்டின் நடுவிலிருந்து மூட்டின் நடுவரை அளக்க வேண்டும், பிளாஸ்டிக் விளிம்பிலிருந்து அல்ல.

கே: 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பருக்கு ஒரு சுற்றுக்கு 2048 படி சரிதானே?

ப: பெரும்பாலானவற்றில் சுமார் 2038. உள்ளே இருக்கும் பல்சக்கர விகிதம் 64 அல்ல, 63.7க்குப் பக்கம். சக்கரத்தில் ஒரு புள்ளி வைத்து 10 சுற்று ஓட்டினாலே தெரிந்துவிடும்.

கே: ஃபோட்டோவை வரையுமா?

ப: விளிம்புகளை மட்டும் கோடாக எடுத்துக் கொடுத்தால் வரையும். நிழலும் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கியும் விலக்கியும் போட வேண்டும். சதுரம் மூடட்டும், பிறகு பார்க்கலாம்.

கே: ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் கொஞ்சம் விட்டுப்போகிறது.

ப: பேனா தாளைத் தொடுவதற்குள் மோட்டார் கிளம்பிவிடுகிறது. செர்வோவை இறக்கியதும் 200 மில்லி நொடி காத்திருக்கச் சொல்லுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், அதற்கு அழுத்தம் தேவை. ஜெல் பேனாவோ ஸ்கெட்ச் பேனாவோ போடுங்கள்.