தக்கலை சுவடி அருங்காட்சியகம்: சிஎஸ்ஆர் நிதி ஏன் கிடைக்கவில்லை?

தக்கலையில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் அமைக்க ஒரு கம்பெனியிடம் சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் பணம்) கேட்டு, மறுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அறக்கட்டளை தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது என்கிறீர்கள். கம்பெனி மறுத்ததற்கு அதுவே போதுமான காரணம். கம்பெனி தானே தொடங்காத வெளி அறக்கட்டளை சிஎஸ்ஆர் நிதி பெற, வருமான வரித் துறையின் 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகளோடு இதேபோன்ற பணியில் 3 ஆண்டு அனுபவமும் வேண்டும். இந்த நிதி பெறப் பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் அறங்காவலரின் டிஜிட்டல் கையொப்பமும், ஆடிட்டர் (சிஏ), கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்ட் ஆகியோரில் ஒருவரின் சான்றும் கட்டாயம்.

அதுவரை தனிநபர் நன்கொடைதான் வழி. 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள், கொடுப்பவருக்கு 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. பான் எண்ணை அப்போதே வாங்கிவிடுங்கள். பிறகு துரத்திப் பிடிப்பது பெரும்பாடு. ‘கட்டட நிதி’ என்று பொதுவாகக் கேட்காமல், ஒரு சுவடிக்கட்டைத் துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசி, படமெடுக்க ஆகும் செலவைக் கணக்கிட்டுக் கேளுங்கள். இதற்குத்தான் மனமுவந்து தருவார்கள்.

பத்மநாபபுரம் அரண்மனையோடு சேர்ந்து கண்காட்சி வைக்க, கேரளத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அரண்மனை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் நிர்வாகம் அவர்களுடையது.