மூன்று நாய், ஒரு கிளி

கேள்வி: பெருந்துறைப் பக்கம் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அப்பாவும் அம்மாவும் கோவை சரவணம்பட்டியில் என் சொந்த அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கூடவே மூன்று நாட்டு நாய்களும் அம்மாவின் பச்சைக்கிளியும். ‘வீட்டுக்கு ஒரு நாய்தானுங்க’ என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போட்டு, இரண்டைத் தோட்டத்திலேயே விட்டுவரச் சொல்கிறார்கள். சட்டப்படி எத்தனை வளர்க்கலாம்?

பதில்: முதலில், விட்டுவரச் சொன்னதைச் செய்துவிடாதீர்கள். ஆளில்லாத இடத்தில் நாயைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்லும் நாய்க் கூட்டத்தோடு உங்கள் நாயும் சேர்ந்துகொண்டால் யார் பதில் சொல்வது?

எண்ணிக்கைக்கு வருவோம். ‘வீட்டுக்கு இத்தனை’ என்று மத்தியச் சட்டம் எதிலும் வரம்பு கிடையாது. உள்ளாட்சிகள் விதி போடலாம். சண்டிகரில் வீட்டுப் பரப்பைப் பார்த்து வரம்பு வைத்திருக்கிறார்கள். எனவே மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்டு, மூன்றுக்கும் உரிமம் எடுத்துவிடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும்.

சங்கம் மாநகராட்சி அல்ல. பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது, குரைப்பதைக் காரணம் காட்டவும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. இப்படித் தடை போடும் சங்க விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது; ஆனால் எடுத்துக்காட்ட உதவும். வாடகை வீடாக இருந்தால் ஒப்பந்தத்தில் எழுதியதுதான் பேசும்.

அதற்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். தோட்டத்தில் அவிழ்த்து விட்டே பழகிய நாய்க்கு லிஃப்டும் படிக்கட்டும் புதுசு. யாரையாவது கடித்தால், கவனக்குறைவுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம். நாற்றம், அசுத்தம் என்று கோட்டாட்சியரிடம் மனு போனால், மூன்று நாயா ஒன்றா என்பதைவிட வீடு இருக்கும் லட்சணத்தைத்தான் பார்ப்பார்கள். கயிறு இல்லாமல் வெளியே கூட்டிப்போகாதீர்கள், கழிவை நீங்களே அள்ளுங்கள். என் அனுபவத்தில் பாதித் தகராறு அதிலேயே அடங்கிவிடும்.

சங்கத்தார் கண்ணில் படாத கிளிதான் உண்மையான சிக்கல். பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. அதில் ஒன்றுகூட வளர்க்கக் கூடாது, சிறைவரை போகும். பயந்துபோய்க் கூண்டைத் திறந்துவிடாதீர்கள், கையில் தின்று வளர்ந்த கிளி வெளியே பிழைக்காது. வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லையென்றால் லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். அவற்றுக்கு இந்தத் தடை இல்லை.