நடிக்கத்தான் போவேன் என்கிறாள் மகள்: கடன் வாங்கும் முன் அவள் குரலைக் கவனியுங்கள்

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு நடிப்புதான் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பெரியப்பாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். நான்கு வருடத்துக்கு 8 லட்சம், அதில் பாதிக்கு மேல் கடன். இரண்டு பக்கமும் இழுபட்டு உங்களுக்குத் தூக்கம் போனது புரிகிறது. ஆனால் "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பக்கூடிய விஷயம் இல்லை இது.

அந்த சீட் வேண்டாம். கணக்கு என்றாலே அவள் அழுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பிள்ளையைக் கடன் வாங்கி அங்கே சேர்த்தால் முதல் வருடமே அரியர் விழும், தவணை மட்டும் நிற்காது. "கையில் ஒரு பி.இ. இருக்கட்டும்" என்பவர் அந்தத் தவணையில் பங்கு போடுவாரா என்று நேராகக் கேளுங்கள்.

அதற்காகச் சில மாத நடிப்புப் பயிற்சிக்கு லட்சம் லட்சமாகக் கட்டுவதும் கூடாது. "சீரியலில் சான்ஸ் நிச்சயம்" என்று எழுதிக் கொடுத்தாலும் கூடாது. ஆடிஷனுக்கும் ஆல்பத்துக்கும் கோஆர்டினேட்டர் கமிஷனுக்கும் முன்பணம் கேட்கிற இடத்தில் உட்காரவே வேண்டாம். நடிக்கிறவருக்குத்தான் சம்பளம் வர வேண்டும்.

விஸ்காம் படிப்பு, சீரியல் ஆடிஷன், ரீல்ஸ் எல்லாம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே அலசியிருப்பீர்கள். நான் பேச வந்தது உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்தை. பள்ளி நாடகத்தில் ஆள் வராத அன்று, பாட்டி, பேத்தி, போலீஸ்காரர் மூன்று பேருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து அவளே பேசினாள் என்று எழுதியிருந்தீர்களே, அது. அந்தத் திறமைக்கு டப்பிங் என்றொரு தொழில் இருக்கிறது.

டப்பிங் என்றால் சினிமா கதாநாயகிக்குக் குரல் கொடுப்பது மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தமிழ் பேசத் தெரியாத சீரியல் நடிகைகளுக்கு, இந்தியிலிருந்து வரும் தொடர்களுக்கு, குழந்தைகள் சேனல் கார்ட்டூன்களுக்கு, ஓடிடி தொடர்களுக்கு, விளம்பரங்களுக்கு, ஆவணப் படங்களுக்கு, ஆடியோ புத்தகங்களுக்கு என்று எல்லாவற்றுக்கும் குரல் தேவைப்படுகிறது. சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் போனால் இதற்கென்றே ஸ்டுடியோக்கள் இருக்கின்றன.

உள்ளே வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர். இந்தப் பக்கம் ஒரு மைக், ஒரு திரை, காதில் ஹெட்போன். படப்பிடிப்பில் பதிவான வழிகாட்டி ஒலி, அதாவது பைலட் டிராக், காதில் ஓடும். திரையில் நடிகை அழுதுகொண்டே திரும்புகிறார்: மூச்சை இழுக்கிறார், பாதி விசும்பல், இரண்டு வார்த்தை, மறுபடி மூச்சு. அந்த விசும்பலும் மூச்சும்கூட மைக் முன்னால் நின்றுகொண்டிருக்கும் பெண்ணுடைய வேலைதான். உதடு மூடும் இடத்தில் ப, ம மாதிரி எழுத்து விழ வேண்டும். விழவில்லை என்றால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும். கை வளையல் அசைந்தாலோ பட்டுத் துணி உரசினாலோ மைக் பிடித்துவிடும். வெறும் வயிற்றோடு போனால் அந்தச் சத்தமும் பதிவாகும். ழ, ள, ல மூன்றும் தனித்தனியாக நாக்கில் நிற்க வேண்டும். அப்புறம், பத்தாவது டேக்கிலும் முதல் டேக்கின் உணர்ச்சி வர வேண்டும். வெறும் மிமிக்ரியால் பாதி தூரம்கூடப் போக முடியாது. நடிக்கத் தெரிந்தவருக்குத்தான் இது வரும்.

அதனால்தான் மேடையை விடாதீர்கள் என்கிறேன். எம்.எஸ். பாஸ்கர் நாடகம், டப்பிங், சீரியல் என்று வந்தவர்; 71-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது வாங்கினார். ரோகிணி நடிகையாக இருந்துகொண்டே பல கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்தவர். தீபா வெங்கட் சீரியல்களில் நடித்தவர். நயன்தாராவுக்குப் பல படங்களில் பேசியவர்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "குரல்தானே, முகம் வெளியே தெரியாது, சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை" என்று நீங்கள் நிம்மதி அடைந்தால், அது மகளுக்குச் செய்கிற அநியாயம். அவள் மேடையில் நிற்க ஆசைப்படுகிறாள். நிற்கட்டும். குரல் அவள் கையில் இருக்கும் இன்னொரு தொழில், அவளை ஒளித்து வைக்கும் திரை இல்லை.

சரி, இப்போது என்ன செய்வது? அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ ஒரு பட்டப்படிப்பு. பி.ஏ. தமிழ் என்றால் எனக்கு இரட்டிப்பு சந்தோஷம். நாக்கும் திருந்தும், பழைய வசனமும் புது வசனமும் பழகும். இந்தப் பட்டம் வெறும் பாதுகாப்புக்கு இல்லை. 1959-ல் தொடங்கிய டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருடப் படிப்புக்குப் பட்டமும் நாடக அனுபவமும் கேட்கிறார்கள், சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகையும் தருகிறார்கள். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுகலை இருக்கிறது. கடன் இல்லாமல் போகக்கூடிய இடங்கள் இவை.

கல்லூரி நாட்களிலேயே வானொலிக்குப் போகட்டும். திருச்சி, மதுரை, கோவை, நெல்லை என்று பக்கத்திலேயே அகில இந்திய வானொலி நிலையங்கள் உண்டு. நாடகக் குரல் தேர்வு அறிவிக்கும்போது விண்ணப்பிக்க வேண்டும். தேர்வானால் தரம் பிரித்துத்தான் வாய்ப்பு தருவார்கள். சன்மானம் பெரிதாக இருக்காது. ஆனால் முகபாவம், கையசைவு எதுவும் உதவாத இடத்தில் ஒரு பாத்திரத்தை நிற்க வைப்பதை அங்கேதான் கற்க முடியும்.

வருமானத்தை மறைக்க மாட்டேன். ஆரம்பத்தில் கூட்டக் குரல்தான் கிடைக்கும்: கல்யாண வீட்டுச் சலசலப்பு, பேருந்து நிலையச் சத்தம். முதல் இரண்டு மூன்று வருடம் இதை மட்டும் நம்பி வாடகை கட்ட முடியாது. சினிமா டப்பிங்குக்கு டப்பிங் கலைஞர்கள் யூனியனின் உறுப்பினர் கார்டு கேட்பார்கள். கட்டணத்தை யூனியன் அலுவலகத்திலேயே கேட்டுக் கட்டுங்கள், இடைத்தரகர் கையில் ஒரு ரூபாய் தராதீர்கள்.

ஏஐ குரல் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. தொலைபேசி அறிவிப்பு, மலிவு விளம்பரம் போன்ற வேலைகளை அது எடுத்துக்கொண்டு வருகிறது. 2023-ல் ஹாலிவுட் நடிகர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். பாத்திரத்தோடு சேர்ந்து அழுகிற, சிரிக்கிற குரலுக்கு இன்னும் ஆள் தேடுகிறார்கள். அவள் அந்தப் பக்கம் வளர வேண்டும். எந்த ஒப்பந்தம் வந்தாலும், பதிவு செய்த குரலை வேறு எதற்குப் பயன்படுத்துவோம் என்று எழுதியிருக்கிறார்கள், குரலை நகலெடுக்கும் உரிமை கேட்கிறார்களா என்று வரி வரியாகப் பாருங்கள். அவளுக்கு 18 முடியவில்லை என்பதால் கையெழுத்து உங்களுடையதுதான். புரியாத வரி இருந்தால் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.